ஐந்தருவியில் இன்று எத்தனை விழுகிறது

ஆனி பிறந்துவிட்டால் இலஞ்சியில் குடியிருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். வருஷம் பூராவும் இருக்கிறானா செத்தானா என்று கேட்காதவர்கள் எல்லாம் வரிசையாக ஃபோன் செய்வார்கள். சௌக்கியமா என்று ஒரு வார்த்தை? கிடையாது. "தண்ணி விழுதா?" அவ்வளவுதான். குற்றாலத்து அருவியைக் காலையில் எழுந்து நான்தான் திறந்துவிடுகிறேன் என்று நினைப்பு.

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான். "நல்லா விழுது." பாறை காய்ந்து குரங்கு அதில் படுத்துத் தூங்கினாலும் இதே பதில்தான். ஆட்டோக்காரரைக் கேளுங்கள், சிப்ஸ் கடை அண்ணாச்சியைக் கேளுங்கள், லாட்ஜ்காரரைக் கேளுங்கள், எல்லாருக்கும் நல்லா விழும். இதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை. வருகிறேன் என்கிறவரிடம் வீட்டில் சோறு இல்லை என்று சொல்லுவோமா? அது மாதிரிதான் இதுவும். வாய் தானாகச் சொல்லிவிடும், மூளைக்கு அதில் வேலையே இல்லை.

அப்படித்தான் என் அக்காவிடமும் சொன்னேன்.

அக்கா மதுரையில் கணக்கு டீச்சர். என்னைவிட ஆறு வயது மூத்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால், மகளுக்கு மாப்பிள்ளை நிச்சயமான சூட்டோடு, சம்பந்தி வீட்டாரை ஒரு வேன் நிறைய ஏற்றிக்கொண்டு சீசன் காட்டக் கிளம்பினாள். கிளம்புவதற்கு முன் எனக்கு ஃபோன் செய்தாள். தென்காசியில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏலே, தண்ணி விழுதா?" என்றாள். "நல்லா விழுது, வாக்கா" என்றேன். நான் அருவிப் பக்கம் போயே பத்து நாள் ஆகியிருந்தது.

வந்தார்கள். ஐந்தருவியில் ஒரே ஒரு கிளையில் மட்டும் ஓட்டை வாளி மாதிரி ஒழுகியது. அதன் கீழே ஐம்பது பேர் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அருவியில் குளிப்பதற்கென்றே சம்பந்தியம்மா புதுச் சுடிதார் தைத்துக்கொண்டு வந்திருந்தாராம். அது மடிப்புக் கலையாமல் மதுரைக்குத் திரும்பியது. வேனில் ஏறும்போது அந்த அம்மா சிரித்துக்கொண்டே அக்காவிடம் கேட்டாராம், "உங்க வீட்ல எல்லாருமே இப்படித்தான் பேசுவாங்களா?"

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாய்மாமன் என்கிற முறையில் மாலையும் கையுமாகப் போய் நின்றேன். அக்கா மண்டப வாசலில் கைகூப்பி, "வாங்க, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். பிறந்ததிலிருந்து என்னை ஏலே என்று கூப்பிட்டவள். நாலு பேர் முன்னால் செருப்பால் அடித்திருந்தால்கூட அக்காதானே என்று வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த "வாங்க"வைத்தான் வாங்கிக்கொள்ள முடியவில்லை. பந்தியில் என்ன சாப்பிட்டேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

அதற்கப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினாள். என் நம்பரை பிளாக் செய்தாள். அத்தானுக்கு ஃபோன் போட்டால், "அவ குளிச்சிட்டிருக்கா மாப்ளே" என்பார். மூன்று வருஷமாகக் குளிக்கிறாள். எனக்குக் கிடைக்காத தண்ணீர் எல்லாம் மதுரையில்தான் விழுகிறது போல.

"நேர்ல போயி கால்ல விழுங்க" என்றாள் என் மனைவி. விழலாம். விழுந்து என்ன சொல்வது? இனிமேல் உண்மை பேசுவேன் என்றா? வீட்டுப்பாடம் நாளைக்குக் கொண்டுவருகிறேன் டீச்சர் என்று முப்பது வருஷமாகக் கேட்டவளிடம் அது எடுபடுமா? சொல்வதைவிடச் செய்து காட்டுவோம் என்று தீர்மானித்தேன். சீசன் முழுக்கத் தினமும் காலையில் ஸ்கூட்டரில் ஐந்தருவிக்குப் போவது. கண்ணால் பார்ப்பது. ஐந்து கிளையில் எத்தனை விழுகிறது என்று உலகத்துக்கு எழுதுவது. உலகம் என்றால் அக்கா.

முதலில் எல்லாரும் குடியிருக்கிற ஒரு பெரிய வலைத்தளத்தில்தான் பக்கம் தொடங்கினேன். ஐந்தாம் நாள், ஆண்கள் பக்கம் கூட்டம் குளிக்கிற படம் ஒன்றைப் போட்டேன். துண்டும் தொந்தியுமாக நம் ஜனங்கள். ஆபாசம் பரப்புகிறேன் என்று சொல்லிப் பக்கத்தையே தூக்கிவிட்டார்கள். அந்தத் தொந்திகளைப் பார்த்து யாருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. முறையீடு செய்தேன். "உங்கள் முறையீட்டைக் கவனமாகப் பரிசீலித்தோம்" என்று தும்மி முடிப்பதற்குள் பதில் வந்தது.

அப்போதுதான் மையமில்லாத வலைப்பதிவு என்று ஒன்று இருப்பதாகப் படித்தேன். முதலாளி கிடையாது. ஆளாளுக்கு ஒரு சர்வர் வைத்து நடத்துவார்களாம். ஒரு சர்வரில் எழுதினால் மற்ற சர்வர்களுக்கும் நகல் போய்ச் சேருமாம். யாரும் உங்களைத் துரத்த முடியாது, எழுதியதை யாரும் அழிக்க முடியாது என்று போட்டிருந்தது. வாசிக்கும்போதே புல்லரித்தது. "யாரும்" என்பதில் நானும் அடக்கம் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை.

சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. துரத்த ஆள் இல்லாத இடத்தில் கூப்பிடவும் ஆள் கிடையாது. சுரண்டைச் சந்தைக்குப் போனால் வெண்டைக்காய் எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்க வேண்டாம், கால் தானாகப் போகும். இங்கே சந்தையே இல்லை. ஆளாளுக்கு அவரவர் கொல்லையில் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தக் கொல்லையில் என்ன கிடைக்கும் என்று தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் கருவிகள் இருக்கின்றன, கவலைப்படாதீர்கள் என்றார்கள். கவலையே அப்புறம்தான் ஆரம்பித்தது.

எழுதுவதன் அடியில் குறிச்சொல் போட வேண்டுமாம். அந்தச் சொல்லைத் தேடி வருகிறவர்கள் கண்ணில் படுமாம். குற்றாலம் என்று போட்டேன். அந்தச் சொல்லின் கீழே மொத்தம் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று வருஷம் முழுக்க ஒரே அறைப் படத்தைப் போடுகிற ஒரு லாட்ஜ். குளியல் என்று போட்டுப் பார்த்தேன். டைல்ஸ் விற்கிறவர் வந்து விலை கேட்டார். அருவி என்று போட்டேன். அதற்கு ஒரு தானியங்கிக் கணக்கு இருந்தது. அருவி என்கிற சொல் எந்த மொழியில் எங்கே தென்பட்டாலும் எடுத்து நாலு நாட்டுக்கு மறுபகிர்வு செய்வது அதன் வேலை. மனிதர்கள் செய்யாததை அந்த இயந்திரம் செய்தது, குறை சொல்லக் கூடாது. அதன் புண்ணியத்தில் எனக்கு முதல் வாசகர் கிடைத்தார். பின்லாந்துக்காரர்.

அந்த மனிதர் என் பதிவை எந்தக் கருவியில் போட்டு மொழிபெயர்த்தாரோ, தினமும் ஒரு பின்னூட்டம் தமிழில் வரும். "உங்கள் நீர் இன்று மூன்றாக உள்ளது. நான் மகிழ்கிறேன்." ஒரு கிளைதான் விழுகிறது என்று எழுதினால், "நான் உங்கள் பாறைக்காக வருந்துகிறேன்." ஐந்தருவியில் எத்தனை விழுகிறது என்று பின்லாந்தில் தெரிந்துவிட்டது. மதுரையில் தெரிந்ததா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

ஊரில் தெரிந்துவிட்டது. தண்ணீர் இல்லை, வராதீர்கள் என்று ஒருநாள் எழுதியதை யாரோ படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட, ஐந்தருவி சிப்ஸ் கடை அண்ணாச்சி வழியிலேயே ஸ்கூட்டரை மறித்தார். "ஏம் தம்பி, தண்ணி இல்லன்னு எழுதுதியளாமே? நல்லாருக்கா இது? நம்ம ஊர நாமளே சொல்லலாமா?"

"இல்லாதத இல்லன்னுதான அண்ணாச்சி எழுதுதேன்."

"இல்லன்னா பேசாம இருக்க வேண்டியதுதான? உங்ககிட்ட கண்ணாடி வாங்க வாரவன்ட்ட ஒமக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னா சொல்லுதிய?"

ஸ்கூட்டரை ஒதுக்கி ஓட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை. எனக்கு வேண்டியது அண்ணாச்சியின் நல்ல பேர் இல்லை.

தமிழ்ப் பதிவுகளை எல்லாம் ஓரிடத்தில் காட்டுகிற திரட்டி ஒன்று இருந்தது. அதில் சேர விண்ணப்பம் போட்டேன். "ஆன்மிகம்" பிரிவில் சேர்த்துவிட்டார்கள். ஏனென்று கேட்டு எழுதினேன். நீர்நிலை என்பதால் என்று பதில் வந்தது. கடைசியாகத்தான் மின்னஞ்சல் கருவி. வாசகர் தன் முகவரியைக் கொடுத்துவிட்டால், நான் எழுதியது உடனுக்குடன் அவர் பெட்டிக்கே போய்விடும். அந்தப் பக்கத்தின் முகவரியை அத்தானுக்கு ஒரே ஒரு தடவை அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அத்தான் எதற்கும் கட்டைவிரல் அனுப்புவார். இழவுச் செய்திக்கும் அனுப்பியவர்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், மடல் வழியாக வாசிப்பவர்கள் இரண்டு என்று காட்டியது. யார் என்று காட்டாதாம். வாசகரின் அந்தரங்கத்தைப் போற்றுகிறார்களாம். நன்றாகப் போற்றட்டும். ஒன்று நான், சோதித்துப் பார்ப்பதற்காகச் சேர்ந்தது. இன்னொன்று?

"அதுவும் நீங்கதான்" என்றாள் மனைவி. "வீட்டு முகவரி ஒண்ணு, கடை முகவரி ஒண்ணு குடுத்திருப்பீங்க."

கொடுத்தேனா இல்லையா என்று எனக்கே ஞாபகம் இல்லை. கடைக் கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். மூன்று சீசனாக நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்து, அதுவும் நான்தான் என்று ஆகிவிட்டால், அடுத்த நாள் காலையில் எதற்காக எழுந்து ஸ்கூட்டரை உதைப்பது? அந்த இரண்டாவது ஆள் அக்காதான் என்று வைத்துக்கொண்டே எழுதினேன். இன்று மூன்று. இன்று நான்கு. இன்று வெள்ளம், போலீஸ் விடவில்லை. இன்று ஒன்றுகூட இல்லை, யாரும் வராதீர்கள். மழையில் நனைந்து, சளி பிடித்து, ஒருநாள்கூடப் பொய் எழுதவில்லை. அரிச்சந்திரன்கூட இவ்வளவு விடிகாலையில் எழுந்திருக்க மாட்டான்.

இந்த வருஷம் ஆடியில்தான் சனி பிடித்தது. புது லென்ஸ் ஒன்றைப் பற்றிச் சொல்லித்தர சென்னைக்குக் கூப்பிட்டார்கள். திங்கள் முதல் புதன் வரை வகுப்பு, வியாழன் காலை ஊர் திரும்பிவிடலாம். நாலு நாள் பதிவுக்கு என்ன செய்வது? அதற்கும் கருவி இருந்தது. முன்கூட்டியே எழுதி நேரம் குறித்துவிட்டால் அந்தந்த நாள் காலை ஆறு மணிக்குத் தானாக வெளியிடும். ஞாயிறு சாயங்காலம் காற்று ஊளையிட்டது. சாரல் மூஞ்சியில் அறைந்தது. ஐந்தருவியில் ஐந்தும் சேர்ந்து ஒரே சுவராகக் கொட்டியது. ஆடி மாதம், இந்தக் காற்று, இந்தச் சாரல், நாலு நாளில் நின்றுவிடுமா என்ன? கை தானாக எழுதியது. நாலு நாளைக்கும் ஒன்றே போல: "ஐந்தும் நல்லா விழுகிறது." வியாழக்கிழமைக்கு மட்டும் இருக்கட்டுமே என்று ஒரு வரி கூடுதலாக: "குடும்பத்தோடு வரலாம்."

இப்போது சொல்கிறேன், எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு யாரும் இந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டான்.

செவ்வாய்க்கிழமை மனைவி ஃபோன் செய்தாள். "இங்கன வெயிலு பல்லக் காட்டுது. வத்தல் போட்டிருக்கேன்."

"நல்லதாப் போச்சு, காயட்டும்" என்றேன். புதன்கிழமையும் சொன்னாள், வத்தல் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டதாக. கெட்டிக்காரி என்று பாராட்டிவிட்டு வகுப்பில் தூங்கினேன்.

வியாழன் காலையில் ரயிலிறங்கி வீட்டுக்கு வந்து, இட்லி தின்றுவிட்டு, வத்தலைப் பார்ப்போமே என்று மொட்டை மாடிக்கு ஏறினேன். கண் கூசுகிற வெயில். மலை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. உச்சியில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. வத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அட பாவி!

விழுந்தடித்து இறங்கிப் பதிவை நீக்கினேன். "நீக்கும் கோரிக்கை மற்ற சர்வர்களுக்கு அனுப்பப்பட்டுள்ளது. ஏற்பது அவரவர் விருப்பம்" என்று வந்தது. எவ்வளவு மரியாதை பாருங்கள். அருவித் தானியங்கி அதை ஏற்கெனவே நாலு நாட்டுக்குப் பகிர்ந்திருந்தது. பின்லாந்துக்காரர், "ஐந்து! நான் நடனமாடுகிறேன்" என்று எழுதியிருந்தார். மடல் ஆறு மணிக்கே போய்விட்டது, போன மடலைத் திருப்பக் கருவி கிடையாது. இரண்டு வாசகர்கள். மூன்று வருஷமாக அந்த இரண்டாவது ஆள் அக்காவாக இருக்க வேண்டும் என்று வேண்டியவன், அன்றைக்கு முதல்முறையாக இலஞ்சி முருகனிடம் மாற்றி வேண்டினேன். முருகா, இரண்டும் நானாகவே இருந்துவிடட்டும்.

பத்து மணிக்கு ஃபோன் அடித்தது. அக்காவின் பேர்.

"ஏலே! எங்கலே விழுது தண்ணி?"

ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"அஞ்சும் விழுதுன்னு எழுதியிருக்க, இங்கன ஒண்ணுகூட விழல. குரங்கு உக்காந்து பேன் பாக்கு. ஏலே, கேக்கேன்லா? வாயில என்ன வச்சிருக்க?"

"நீ... வந்திருக்கியாக்கா?"

"மூணு வருசமா தினமும் பாக்கேன். தண்ணி இல்லன்னா இல்லன்னு எழுதியிருந்த. ஊர்க்காரன் திட்டுதான்னும் எழுதியிருந்த. சரி, பய திருந்திட்டான், போயி ஒரு குளி குளிச்சிட்டு அவன் வீட்ல ஒரு வாய் சாப்பிட்டுட்டு வருவோம்னு லீவு போட்டுட்டு நாந்தான் கிளம்புனேன். உங்க அத்தான் வேண்டாம்னுதான் சொன்னாரு. என் புத்தியச் சொல்லணும்!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷமா கேவலமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூன்று சீசன் உண்மையை நம்பி ஒரே ஒரு நாள் கிளம்பி வந்திருக்கிறாள். அந்த ஒரு நாளைப் பார்த்துப் பொறுக்கி எடுத்துப் பொய் எழுதியிருக்கிறேன். இனிமேல் எந்த முகத்தோடு அவள் முன்னால் நிற்பது?

"நான் இப்படியே மதுரைக்குத் திரும்பிப் போயிருப்பேன்" என்றாள். "உங்க அத்தானாலதான் முடியல. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அத்தான் காரை விட்டு இறங்கிய கையோடு அவர்களிடம் போய் உட்கார்ந்துவிட்டார். அருவிச் சத்தமே கேட்கவில்லையே என்று கேட்டாராம். "காத்து அந்தப் பக்கம் அடிக்கு சார், நல்லா விழுது" என்று சொல்லி, ஒருத்தர் தலை முதல் கால் வரை அரை லிட்டர் எண்ணெயை ஊற்றி அறைந்து தேய்த்திருக்கிறார். எண்ணெயில் ஊறிய அத்தான் இப்போது துண்டோடு வெயிலில் நின்று பளபளத்துக்கொண்டிருந்தார். கார் புதுசு. இந்தக் கோலத்தில் சீட்டில் உட்கார அக்கா விடவில்லை. "மாப்ளே" என்றார் அத்தான், பாவமாக.

அத்தானை என் ஸ்கூட்டரில் ஏற்றினேன். வழுக்கி வழுக்கி என் முதுகைக் கட்டிக்கொண்டு வந்தார். ஐந்தருவியிலிருந்து இலஞ்சி வரைக்கும் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பின்னாலேயே அக்கா காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். என் சட்டை இன்னும் எண்ணெய்க் கறையோடுதான் இருக்கிறது.

அத்தான் குளியலறையில் நாலாவது வாளித் தண்ணீருக்கும் சீயக்காய்க்கும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தாள். என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்து முடிக்கிற வரைக்கும் என்னைப் பார்க்கவில்லை. அப்புறம் டம்ளரை வைத்தாள்.

"ஃபோன எடுலே. உள்ளத எழுது."

நின்றபடியே எழுதினேன். "ஐந்தருவியில் இன்று ஒன்றுகூட விழவில்லை. காலையில் எழுதியது பொய். போய்ப் பார்க்காமல் எழுதினேன்." வெளியிடு என்பதை அமுக்கினேன்.

மேசை மேல் இருந்த அக்காவின் கைப்பையில் "டிங்" என்று சத்தம் வந்தது. என் மனைவி தோசைக் கரண்டியோடு அடுக்களை வாசலில் வந்து நின்று அந்தப் பையைப் பார்த்தாள்.

அக்கா ஃபோனை வெளியே எடுத்தாள். கண்ணாடியையும் எடுத்தாள். அந்தக் கண்ணாடி நான் கொடுத்தது, சண்டைக்கு முந்தின வருஷம். ஒரு பக்கத்துக் காலில் திருகாணி விழுந்து, கறுப்பு நூல் சுற்றிக் கட்டியிருந்தாள். மதுரையில் தெருவுக்கு ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற மாதிரி, நான் எழுதியதை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள்.

"இத ஆறு மணிக்கே எழுதிருக்கலாம்லாலே" என்றாள். கண்ணாடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினாள். "இந்தக் காலச் சரி பண்ணு. இது இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது, வண்டி ஓட்ட முடியாது."

வாங்கிக்கொண்டேன். ஒரு திருகாணி போடுகிற வேலை, இரண்டு நிமிஷம்தான். சாயங்காலம் வரைக்கும் இழுத்தேன்.